பத்தாவது பெயர்

விளையாட்டுப் பக்கத்தில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிய பத்திரிகைக்காரனுக்கு, எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்கள் பத்துப் பேரை வரிசைப்படுத்துவது பெரிய காரியமில்லை. ஒன்பது பெயர்களைத் தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிட்டான். பத்தாவதில்தான் கை நின்றது. அது இடது கையாலேயே ஆட்டத்தை ஆட்டிவைத்த இடக்கையனின் இடம். அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முந்தின நாள் தொலைபேசியில் அக்கா தன் கணவரைப் பற்றி, "அவருக்கு இனிமே சந்தோஷப்பட என்னடா இருக்கு?" என்று மூக்கை உறிஞ்சியிருந்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பான்.

அக்காவின் கணவரும் இடக்கையனின் அணியில் பத்து வருடம் ஆடியவர். கூட்டாளிகளுக்கு அவர் நெட்டை. கூடைக்கடியில் நின்று, இடக்கையன் தரும் பந்துகளை உள்ளே போட்டவர். இருபது பேர் பட்டியலென்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடக்கையனை அடித்துவிட்டு அத்தானின் பெயரை எழுதினான். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை போனபோது அத்தான் பத்திரிகையை மடியில் விரித்திருந்தார். அக்காவின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு. அத்தானின் விரல் பட்டியலில் மேலிருந்து கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

"இடக்கையன் எங்க மாப்ள?"

"பத்துப் பேருதானே அத்தான்... யாராவது ஒருத்தர் விட்டுத்தான் போவாங்க."

"அவனா?"

"நீங்க எடுத்த புள்ளிய வச்சுப் பார்த்தா..."

"அவன் தூக்கிக் குடுத்தான், நான் உள்ள போட்டேன். நீதான் எல்லா ஆட்டத்தையும் உக்காந்து பார்த்தவனாச்சே?"

"விடுங்களேன்," என்றாள் அக்கா. "உங்க மனசு குளிரட்டும்னுதானே தம்பி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் பத்திரிகையை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவினார்.

"அவ்வளவு சீக்கிரம் போயிடுவேன்னு டாக்டர் சொன்னாரா?"

அந்த நேரம் பார்த்து அவருடைய அலைபேசி அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அத்தான் அதை உள்ளங்கையில் வைத்தபடியே ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"டேய் நெட்டை! பார்த்தேன்டா!" இடக்கையனின் குரல் சிரிப்போடு அறையை நிறைத்தது. "தெருவுல போறவன் வர்றவன் எல்லாருக்கும் காட்டியாச்சு. நான் குடுத்த பந்து ஒண்ணுகூட வீண் போகலடா!"

அத்தானின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்னடா, அழறியா?"

அத்தான் கையை அப்படியே மைத்துனன் பக்கம் நீட்டினார். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய உள்ளங்கையில் கிடந்தபடி, இடக்கையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.