சொர்ணம்மாள் உயரத்துக்கு ஒரு மதில்

"அம்மா பிடிக்கக் கூடாதுன்னா, சொர்ணம் அத்தை தலையில இருக்கிற கூடையை யாருப்பா இறக்கி வைப்பா?"

பத்மநாபசாமி கோவிலுக்குப் பக்கத்தில், ஸ்ரீவராகத்து வீட்டில் ஒரு காலை நேரம் ஆறு வயதுக் கோமதி இப்படிக் கேட்டாள். அவள் அப்பா நயினார் பிட்ட தோசையைத் தட்டில் வைத்தார்.

அவர் மனைவி திவ்யலட்சுமிக்கு அப்போது நான்காம் மாதம். கோமதிக்குப் பிறகு ஒன்று தங்காமல் நழுவிப் போயிருந்ததால், வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தையின் கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

சொர்ணம்மாள் காய்கறி விற்பவள். நாஞ்சில் நாட்டுக்காரி. விடியும் முன் சாலைக் கடைத்தெருவில் காய் எடுத்து, பூசணியும் சேனையும் வாழைக்காயுமாகப் பெரிய கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவாள். அத்தனை பாரத்தைத் தனியாக இறக்க முடியாது. எதிரே ஒருவர் நின்று கூடையின் மறுபக்கத்தைப் பிடிக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போதும் அப்படியே. முன்பெல்லாம் தெருவில் கை கொடுக்க ஆள் இருந்தது. இப்போது பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் கேட்டுக்குக் கேட்டு பூட்டு தொங்கும். ஜன்னலோரம் பையையும் காசையும் வைத்துவிட்டுப் போவார்கள். திவ்யாவின் வாசலில் கூடையை இறக்கிவிட்டு, முறத்தில் காயை எடுத்துப் போய் ஒவ்வொரு பையிலும் போட்டுவிட்டு வருவாள் சொர்ணம்மாள். மற்றத் தெருக்களில் இறக்க ஆளில்லாமல் வியாபாரம் நின்று போயிற்று. மிச்சமிருந்தது இந்த ஒரு தெருதான்.

"இனி கூடையை உன்னைத் தொட விட மாட்டேன் மக்ளே," என்று முந்தின நாள் அவள் திவ்யாவிடம் சொல்லியிருந்தாள். "இந்த மாசம் ஓடட்டும். பொறவு ஊருக்குப் போயி மக கூட இருக்க வேண்டியதுதான். கூடை இல்லாம அங்க சோத்துக்குக் கை நீட்டிக்கிட்டு நிக்கணும். அது ஒண்ணுதான் சங்கடம்."

நயினார் கட்டட வரைபடம் போடுகிறவர். அந்த வருடம் அவர்கள் ஆபீஸில் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றுக்குக் கண்ணாடிக் கட்டடம் வரைந்துகொண்டிருந்தார்கள். படியேறுகிறவர்களின் கை எந்த உயரத்தில் கம்பியைப் பிடிக்கும், நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கு ஜன்னல் எங்கே தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் தலைச்சுமையோடு நிற்கும் ஒருத்தியைப் பற்றி இதுவரை யாரும் அவரை வரையச் சொன்னதில்லை.

வீட்டின் பழைய மண்மதில் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் விழுந்து கிடந்தது. புது மதில் கட்ட தாசையன் மேஸ்திரி வருவதாக இருந்தது. அன்று மாலை நயினார் தெருவில் நின்று வெகுநேரம் மேலும் கீழும் பார்த்தார். தெரு கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. எல்லா வீட்டு மதிலும் தெருவோடு சேர்ந்து சரிகிறது. சாப்பிட்டதும் கோமதி படம் வரையும் தாளை வாங்கி ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு சரியவில்லை.

தாளைப் பார்த்த தாசையன் தலையைச் சொறிந்தார்.

"சாரே, தெரு சரிவாக்கும். மதிலும் கூடச் சரியணும். இல்லெங்கில் தாசையனுக்கு மட்டம் பாக்கத் தெரியாதுன்னு நாட்டுகாரு சொல்லும்."

"தெரு சரியட்டும். மதில் தலை மட்டமா நிக்கணும். கேட்டுப் பக்கம் நெஞ்சு உயரம். போகப் போகத் தெரு இறங்கும், அப்ப மதில் உயரமாகும். கீழ் மூலையில ஆள் உயரம்."

"அது எதுக்கு?"

"குட்டையானவங்க கேட்டுக்கிட்ட நிப்பாங்க. நெட்டையானவங்க கீழ நிப்பாங்க. அவங்கவங்க தலை எங்க ஒத்து வருதோ அங்க சுமையை நகர்த்தி வச்சிட வேண்டியது. இன்னொருத்தர் கை வேண்டாம்."

தாசையன் கண்ணை இடுக்கித் தெருவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்போ இது மதிலா, மேசையா?"

"ரெண்டும்தான்."

"செரி. மேல பதிக்கிறதுக்கு பாட்டில் சில்லு ஒரு சாக்கு கொண்டு வரட்டா?"

"சில்லே வேண்டாம் தாசையா. கடப்பைக் கல் பலகை போதும். ஓரத்தை உருட்டி விடணும். கை வச்சா உரசக் கூடாது."

அடுத்த நாள் நயினார் ஆபீஸுக்குத் தாமதமாகப் போனார். சொர்ணம்மாள் வந்ததும் கூடையோடு அவளை நிறுத்தி, டேப்பை எடுத்துக் கூடையின் அடிவரை அளந்தார்.

"எனக்குக் கல்யாண ஜாக்கெட்டுக்குக்கூட ஒருத்தனும் இப்படி அளவெடுக்கலையே!" என்றாள் அவள். "என்ன சாரே, பெட்டி செய்யப் போறியளா?"

"நல்ல வாயால நல்லதைச் சொல்லுங்கக்கா," என்று உள்ளிருந்து திவ்யா சத்தம் போட்டாள்.

மதில் எழுந்தது. பூசாத செங்கல். இடையிடையே கல்லை விட்டுவிட்டு அடுக்கியதால் மதில் முழுக்கச் சதுரச் சதுரமாகக் காற்று வரும் ஓட்டைகள். மேலே கறுப்புப் பலகை தெருப் பக்கமாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, தண்ணீர் நின்றாற்போல மட்டமாக இருந்தது. "மழை வந்தா குடையை எங்க வைப்பா?" என்று கோமதி கேட்டதால், நடுவில் ஒரு கொக்கியும் வந்தது.

சொர்ணம்மாள் முதல்நாள் மதிலோரம் நடந்து வந்தாள். ஓரிடத்தில் கூடையின் அடியும் பலகையும் ஒன்றாயின. முழங்காலைச் சற்றே மடக்கிக் கூடையைத் தள்ளினாள். அது பலகை மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கழுத்து இருக்கிறதே தெரியலை மக்ளே," என்றாள் பிறகு.

அதன்பின் மதிலுக்கு ஓய்வில்லை. தபால்காரர் பையை அங்கே வைத்துக் கடிதம் பிரித்தார். அரிசி மூட்டை கொண்டு வந்த நெட்டைக்காரர் கீழ்மூலையில் நின்று பீடி பற்றவைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல்மூலையில் புத்தகப்பையை வைத்துவிட்டு ஷூ நாடா கட்டினார்கள். நயினார் மாலையில் வந்து பலகை மேல் யார் வைத்த அடையாளம் எதுவரை இருக்கிறது என்று பார்ப்பார். கழக்கூட்டத்துக் கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மதிலைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் பேசினார்.

எதிர்வீட்டுச் சாம்பசிவன் ஓய்வு பெற்றவர், இடுப்பெலும்பு அறுவை ஆகித் தடியூன்றி நடப்பவர். மனத்தில் பட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். ஒருநாள் மதிலோரம் வந்து நின்றார்.

"திவ்யா, நயினார் பண்ணினது நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. உங்க ஊர்ப் பாதையிலெல்லாம் சுமைதாங்கிக் கல் பாத்திருப்பியே? அது யாருக்கு வைக்கறதுன்னு தெரியுமோ?"

திவ்யாவுக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் வரை இரண்டையும் அவள் சேர்த்து நினைக்கவில்லை.

"வயத்துப் பிள்ளையோட போயிட்டாளே, அவாளுக்காக்கும். சுமையை இறக்காமலே போனவளுக்கு ஆத்மா ஆறட்டும்னு வைக்கறது. நீயோ இப்படி இருக்கே. வாசல்ல அதைக் கொண்டு வந்து நிறுத்தணுமா?" அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் அவரே பதறிவிட்டார். "ஒண்ணுமில்லேம்மா, வயசானவன் உளறல். பகவான் இருக்கார்."

அவர் கெட்டவர் இல்லை. அந்த வாரம் கோவிலில் அவள் பேருக்கு அர்ச்சனைகூடச் செய்தார். ஆனால் சொன்ன சொல் அவளுக்குள் இறங்கிவிட்டது. ஜன்னல் வழியே அந்தக் கறுப்புப் பலகை கண்ணில் படும்போதெல்லாம் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஆசையாகக் கட்டியது. தவிர, அந்த பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது.

நயினார் சைட்டுக்குப் போன ஒருநாள் தாசையனை அழைத்து, மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கச் சொன்னாள். சில்லு இருந்தால் யாரும் சுமை வைக்க முடியாது. சுமை வைக்காவிட்டால் அது வெறும் மதில்தானே.

"சாரு வேண்டாம்னு சொன்னதல்லே?" என்றார் தாசையன்.

"திருட்டுப் பயமா இருக்கு மேஸ்திரி. அவுக கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

தாசையன் அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்து கலவை குழைத்தார். பச்சையும் பழுப்புமாகச் சில்லுகள் வரிசையாக எழுந்தன.

மாலை நயினார் வந்து கேட்டருகே நின்றுவிட்டார்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றாள் அவள். "பகல்ல தெருவுல ஒரு ஆள் கிடையாது. பயமா இருக்குங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த பயம் பொய்யில்லை. "உனக்குப் பயமா இருக்குன்னா வேணும்தான்," என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். அன்று சாப்பிடும்போது மதிலைப் பற்றிப் பேச்சில்லை. கோமதி மட்டும், "அப்போ நாளைக்கு அத்தை?" என்றாள். அவர் அவள் தலையைத் தடவினார்.

மறுநாள் திவ்யா மதிலின் உட்பக்கம் செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தபோது காலடி கேட்டது. செங்கல் ஓட்டைகளின் வழியாகப் பார்த்தாள். சொர்ணம்மாளின் சேலையும் பாதங்களும் தெரிந்தன. பாதங்கள் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றன. ஏதாவது சொல்வாள், கூப்பிட்டுக் கேட்பாள் என்று திவ்யா காத்திருந்தாள்.

சொர்ணம்மாள் கூப்பிடவில்லை. தெருப் பக்கமிருந்து நான்கு விரல்கள் ஓட்டைக்குள் நுழைந்து செங்கல்லைப் பற்றின. ஒரு முழங்கால் மெல்ல மடங்கியது. பாதி வழியில் அது நடுங்கத் தொடங்கியது. "முருகா," என்றொரு முனகல். முழங்கால் மறுபடி நிமிர்ந்தது. விரல்கள் விலகின. பிறகு கொக்கியில் ஏதோ மாட்டும் சத்தம். பாதங்கள் சரிவில் இறங்கி, நிற்காமல் போய்விட்டன.

திவ்யா வெளியே வந்து பார்த்தாள். குடைக் கொக்கியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை தொங்கியது. திவ்யா அதைக் கேட்டிருக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று சொர்ணம்மாளாகக் கொண்டு வந்தது. தெருவில் ஜன்னலோரப் பைகளெல்லாம் காலியாக இருந்தன.

அந்த முழங்காலைத் திவ்யாவுக்குத் தெரியும். கோமதியை எட்டு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது தெருக் குழாய் உடைந்து தண்ணீர் வராமல் போனது. நயினார் இருட்டோடு வேலைக்குப் போய்விடுவார். அப்போது சொர்ணம்மாள் வியாபாரம் முடிந்ததும் அடுத்த தெருவிலிருந்து தலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. திவ்யா குடத்தைப் பிடிக்கப் போனால், "நீ தொடப்படாது, தள்ளு," என்பாள். சந்நிதியில் நிற்பவளைப் போல முதுகை நிமிர்த்தி, மெல்ல முழங்காலிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடத்தைத் தரையில் வைப்பாள். கோமதி பிறக்கிறவரை தினமும் வைத்தாள். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

தனியாக இருந்தால் சுமையை அப்படித்தான் இறக்குவாள். கோமதியின் கேள்விக்கு அதுதான் பதில். அந்த முழங்கால்தான் இன்று பாதியில் நின்றது.

திவ்யா கீரையை உள்ளே கொண்டு போய் வைத்தாள். அடுக்களையில் முன்பு குடம் இறங்கிய இடத்தைப் பார்த்தாள். எட்டு மாத வயிற்றோடு அவள் நின்றிருந்த அதே வீட்டில்தான் தினமும் ஒரு சுமை பத்திரமாக இறங்கியது. அதன் பிறகுதான் கோமதி பத்திரமாக வந்தாள். இதை எப்படி மறந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் தெரு வெறிச்சோடியது. சாம்பசிவன் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது, அவர் தூங்கும் நேரம். கோமதி பள்ளியிலிருந்து வர இன்னும் பொழுது இருந்தது. கை கொடுக்க ஆளில்லாத தெருவில், பார்க்கவும் ஆளில்லை.

திவ்யா தேங்காய் உடைக்கும் சின்னச் சுத்தியலையும் பழைய மாவு டின்னையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கிழக்கே கோவில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, "பத்மநாபா, இது போனவங்களுக்கு வச்சதில்லை. வந்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு வச்சது. நீ பாத்துக்கோ," என்றாள். முதல் சில்லை மெதுவாகத் தட்டினாள்.

ஒரே தட்டில் அது அடியோடு கழன்று வந்தது. அடுத்ததும் அப்படியே. விரலால் நெருடிப் பார்த்தாள். கலவையில் சிமெண்ட் பேருக்குத்தான் இருந்தது, மீதியெல்லாம் மணல். தாசையன் தெரிந்துதான் குழைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீருமாக வந்தது.

வெயில் சரியும்வரை, இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து, எல்லாச் சில்லையும் எடுத்து டின்னில் போட்டாள். தேங்காய் நாரால் பலகையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டு, உள்ளங்கையைப் பலகை மேல் வைத்து, மேல்மூலையிலிருந்து கை எட்டுகிறவரை இழுத்துக்கொண்டே நடந்தாள். எங்கும் உரசவில்லை. சொர்ணம்மாளின் இடம் வந்ததும் நின்று, அங்கே மட்டும் இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.

அப்புறம் உள்ளே போய்க் கீரையை ஆய உட்கார்ந்தாள்.