செம்மண் ஒட்டாத காலணி

காரின் தரைவிரிப்பு அழுக்காகாமல் இருக்க, என் தம்பி கெகோவா அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தான். வைமேயா பள்ளத்தாக்குச் செம்மண் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது, வாடகைக் கார்க்காரன் அபராதம் போடுவான் என்றான். அவன் காலில் புது வெள்ளைக் காலணி. சின்ன வயதில் இதே பள்ளத்தாக்கில் காட்டாட்டு வேட்டைக்குப் போய்விட்டு வந்தால் முழங்கால்வரை சிவந்திருக்கும். அம்மா ரப்பர் குழாயோடு வந்து அவனை வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

அந்த அம்மா மார்ச் மாதம் செத்துப்போனாள். லாஸ் வேகாஸில் வேலை பார்க்கிற ஹோட்டலில் லீவு தரவில்லை என்று அவன் அப்போது வரவில்லை. இப்போது வந்திருக்கிறான். மலைக்குக் கீழே கெகாஹா ஊரில் நானும் பிள்ளைகளும் குடியிருக்கிற அம்மா வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விடப்போகிறானாம்.

கார் மலை ஏறும்போதும் அதே பேச்சு.

"நாளைக்கு போட்டோ எடுக்க ஆள் வருதுக்கா. வீட்ட ஒழிச்சு வை."

"நாங்க எங்கடா போறது?"

"பின்னாடி ஷெட் இருக்குல்ல."

"அதுல கோழி இருக்கு."

"வெரட்டி விடு. இந்தத் தீவுல கோழிக்கா பஞ்சம்?"

"இன்னிக்கு கோழி. நாளைக்கு நானா?"

சிரித்தான்.

பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்தில் மரிசெல் வண்டிகளை நிறுத்தி அட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருப் பெண்.

"அடையாள அட்டை காட்டுங்கண்ணே. ஊர்க்காரங்கன்னா சும்மா போலாம்."

கெகோவா லாஸ் வேகாஸில் வாங்கிய நெவாடா மாநில லைசென்ஸை நீட்டினான். அவள் திருப்பிப் பார்த்தாள்.

"இது வெளியூர் அட்டையாச்சே. அந்த மிஷின்ல பணம் கட்டிட்டு வாங்க."

"யாரும்மா வெளியூரு? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தப் பள்ளத்துல எறங்கி ஆடு சுட்டவன் நான். அக்கா, சொல்லுக்கா இவகிட்ட!"

மரிசெல் குனிந்து என்னைப் பார்த்தாள். "உங்க தம்பியா ஆன்ட்டி? நீங்க சொன்னா விட்டுடறேன்."

நான் அந்த வெள்ளைக் காலணியைப் பார்த்தேன்.

"சுத்திப் பாக்க வந்தவரும்மா. கட்டச் சொல்லு."

கட்டினான். கம்பி வேலி ஓரம் போய் நின்றான். எதிரே மலை அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. எரிமலை கக்கியதெல்லாம் சிவப்பாகவும் காவியாகவும் ஊதாவாகவும் உறைந்திருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை என்றே எனக்குத் தோன்றும். பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் ஆறவில்லை.

"அம்மா இருந்திருந்தா என்னை இப்படிச் சொல்லியிருப்பாளா?" என்றான்.

"அம்மா இருந்தப்ப நீ வந்திருந்தா, யாருடா உன்கிட்ட அட்டை கேக்கப் போறா?"

கீழிருந்து மேகம் ஏறிவந்து பள்ளத்தாக்கை மூடியது. பணம் கட்டியும் அவனுக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"நாளைக்கு அந்த ஆள்..." என்று இழுத்தான்.

"வரட்டும். நான், பிள்ளைங்க, கோழி எல்லாரும் நடு வீட்லதான் இருப்போம். நல்லா எடுத்துக்கட்டும் போட்டோ."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வழியை விட்டிறங்கி, ஈரச் செம்மண்ணில் வெறுங்காலோடு நடந்து காருக்குப் போனேன். பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிப் பின்சீட்டில் எறிந்தேன். இரண்டு காலையும் தரைவிரிப்பில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.