வேரோடு பிடுங்கிய தக்காளி

பேட்டரிக்காரருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. தொழிலை விட்ட கையோடு, பட்டறைக்குப் பின்னால் தக்காளி போட்டவர் அவர். காய்ப்பென்றால் அப்படியொரு காய்ப்பு! மசக்கையில் வேறெதையும் தொடாத மகளுக்குக் கூடை கூடையாகச் சுமந்துபோய்க் கொடுத்தார். அவளுக்கு இப்போது ஆறாவது மாதம்.

இருபது வருடம் பழைய பேட்டரிகளை உடைத்துக் கொட்டியது அதே மண்ணில்தான் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அத்தனையும் ஈயம்! பதறியடித்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். எதையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர், முழுச் செடியையும் வேரும் மண்ணுமாகப் பையில் திணித்துக் கொடுத்தார். அவர்களும் அப்படியே அரைத்துச் சோதித்தார்கள். முடிவைப் பார்த்தவருக்குத் தலையில் இடி விழுந்தது. பெற்ற பெண்ணுக்கு என் கையாலேயே விஷம் வைத்தேனே!

மகளிடம், "செடியில பூச்சிம்மா" என்று சொல்லிவிட்டுத் தக்காளியை நிறுத்தினார். வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்ற வழியுண்டா என்று கேட்க மறுபடி ஆய்வுக்கூடத்துக்கே போனார்.

சோதனை செய்யும் பெண் சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏன் சார், உங்க பொண்ணு வேரையுமா கடிச்சுத் தின்னாங்க?"

அதே மண்ணிலிருந்து இன்னொரு செடியை வரவழைத்து, இந்த முறை வேர், தண்டு, பழம் என்று தனித்தனியாக அரைத்தாள். வேரில் ஈயம் மண்டிக் கிடந்தது. தண்டில் கொஞ்சம். பழத்தில் இல்லையென்றே சொல்லலாம்.

"மண்ணுலேர்ந்து வர்ற ஈயத்தைச் செடி வேர்லயே பிடிச்சுப் பூட்டி வச்சிடுது சார். மேல விடறதே இல்ல. மனசு ஆறலைன்னா பொண்ணுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. ஆனா அந்த மண்ணுல இனி எதுவும் போடாதீங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வாசலுக்கு வந்து மகளைப் போனில் அழைத்து, ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.



"அப்போ பூச்சின்னது பொய்யா? இவ்வளவையும் உள்ளேயே வச்சிக்கிட்டா ஒரு வாரமா நடமாடினீங்க?"

"உன் வரைக்கும் வரவேண்டாம்னுதாம்மா..." பட்டப்பகலில், போவோர் வருவோர் பார்க்க, ஓவென்று அழுதார்.

"அழுதுட்டு நேரா இங்க வாங்க. ரத்தப் பரிசோதனைக்கு ரெண்டு பேரும் போறோம். அந்த மண்ணுல இருபது வருஷம் கிடந்தது நான் இல்லப்பா, நீங்க."