கோபாவில் வெறுங்கால்

வேலையிடத்துப் பெண்களோடு மெக்சிக்கோ போகப்போவதாக இராஜேஸ்வரி சொன்னபோது, கணவர் சச்சிதானந்தன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இடிஞ்ச கட்டடம் பாக்க அவ்வளவு தூரமோ? அதை ஊரிலையே வேண்டியமட்டும் பாத்துப்போட்டுத்தானே வந்தனாங்கள்."

அவள் போனாள். கலியாணவீடோ செத்தவீடோ இல்லாமல், சொந்தக்காரர் ஒருவருமில்லாத தேசத்துக்குச் சும்மா பார்க்கவென்று அவர்கள் குடியிருந்த மோர்னிங்சைட் மாடிக் கட்டடத்திலிருந்து வேறெந்தத் தமிழ்ப் பெண் புறப்பட்டிருக்கிறாள்? அதை ஒருமுறை கணவர் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. திரும்பி வந்ததோ கொப்புளம் போட்ட உள்ளங்கால்களோடு.

ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி அருள்நாயகம் தேத்தண்ணி குடிக்க வந்து, கழுவி எடுத்த படங்களைப் புரட்டினார். காட்டுக்குள் மாயா மக்களின் பழைய நகரமான கோபா. அங்கிருந்து சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கு ஓடிய வெள்ளைக்கல் தெருக்கள். மரங்களுக்கு மேலே தலைநீட்டும் கோயில். அதன் செங்குத்தான படிகளில் இராஜேஸ்வரி.

"செருப்பு எங்கை, தங்கச்சி?"

"கோயிலல்லோ அண்ணை. கழட்டிப்போட்டுத்தான் ஏறினனான்."

அருள்நாயகம் தேத்தண்ணி சிந்தச் சிரித்தார். "சாமியே இல்லாத கோயில். கொதிக்கிற கல்லு. சச்சி, உம்மடை மனுசி மெக்சிக்கோவிலை தீ மிதிச்சிருக்கிறா."

சச்சிதானந்தனும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். படியின் அடியில் அவளுடைய செருப்பு. பக்கத்தில் மண் படிந்த சப்பாத்து ஒரு சோடி.

"இது ஆரின்ரை சப்பாத்து?" என்றார் சச்சிதானந்தன்.

"எங்களைக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டினவரின்ரை. அந்த ஊர் மாயா மனிசன். நான் கழட்ட, ஏனெண்டு கேட்டார். கோயிலெண்டு சொன்னன். வாற ஆக்கள் எல்லாம் படம் எடுப்பினமாம், செருப்புக் கழட்டின ஒருத்தரையும் தான் காணேல்லையாம். பிறகு தானும் கழட்டினார். ரெண்டு பேரும் உச்சிமட்டும் ஏறினனாங்கள்."

சிரிப்பு நின்றது. அருள்நாயகம் ஏதோ வேலை இருக்கிறதென்று எழும்பினார். சச்சிதானந்தன் அந்தப் படத்தை ஷோகேசுக்குள், மகளின் பட்டமளிப்புப் படத்துக்கு முன்னால் சாத்தி வைத்தார்.

பின்னேரம் பக்கத்து நகரமான விட்பியிலிருந்து அவருடைய தங்கை போன் எடுத்தாள். இராஜேஸ்வரி அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஓம், வந்திட்டா. இல்லையடி, இடிஞ்ச கட்டடம் இல்லை. கோயில். என்ரை மனுசி வெறுங்காலோடை ஏறினவ."

அவர் அதை இன்னொருமுறை சொல்லக்கூடும், காதில் விழட்டும் என்று இராஜேஸ்வரி தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினாள்.