அம்சா கண் திறந்த படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக ஆரம்பிக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் பிறந்தநாள் படம் எடுப்பது எப்படி என்று ஒரு பத்திரிகைக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ‘முதலில் ஃபிளாஷை அணையுங்கள்’ என்று எழுதினேன். அடுத்த வரிக்குள் அம்சா வந்து உட்கார்ந்துகொண்டாள்.

2

பிள்ளையார்பாளையத்தில், பட்டுத் தறிகளின் சத்தத்துக்கு நடுவே… (வேண்டாம். காஞ்சிபுரம் என்றாலே எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

அம்சாவின் சிறுவயதுப் பிறந்தநாள் படங்களில் காகிதத் தொப்பி இருக்கும், ரோஸ் நிற கேக் இருக்கும், எவர்சில்வர் தட்டில் மிக்சர் இருக்கும். அவள் கண்கள் மட்டும் மூடியிருக்கும். ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தூக்கியதுமே அவள் அப்பா நமச்சிவாயம், “கண்ண மூடாதம்மா!” என்று கத்துவார். ஃபிளாஷ் மின்னும். மூடிக்கொள்வாள். கல்யாண ஆல்பத்திலும் அதே கதைதான்.

“தாலி கட்டசொல்ல தூங்கிக்கினு இருக்குது பாரு,” என்று தம்பி குமரகுரு இன்றும் சிரிப்பான்.

3

அவளுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்குக் குமரகுரு கேமரா கொண்டுவந்தான். ட்யூப்லைட்டை அணைத்தான். அக்காவை மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் நகர்த்தி உட்காரவைத்தான். கை ஆடாமலிருக்க கேமராவை நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டான்.

“அசையாத இருங்க. வெளிச்சம் கம்மி, மெதுவாத்தான் எடுக்கும்.”

அக்காவுக்குப் பக்கத்தில் அப்பா. நெஞ்சு பலவீனமாகிப் படுத்திருந்தவர், அன்றைக்கென்று எழுந்து வந்திருந்தார். பழக்கம் விடுமா?

“அம்சா, கண்ண மூடாதம்மா!”

மூடிக்கொண்டாள்.

“ஃபிளாஷே இல்லப்பா!” என்றான் குமரகுரு. வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அம்சா கண்ணைத் திறந்தாள். குமரகுரு பட்டனை அழுத்தினான். படம் பதிந்து முடிவதற்குள், மெய்யாகவே திறந்திருக்கிறாளா என்று நமச்சிவாயம் அவள் பக்கம் திரும்பினார்.

படத்தில் அம்சா அவ்வளவு தெளிவு. அப்பா இருந்த இடத்தில் கலங்கிய மஞ்சள் வெளிச்சம். மீசை மட்டும் அடையாளம் தெரிந்தது.

“இன்னொண்ணு எடுக்கட்டா?”

“அப்பாவுக்கு மூச்சு வாங்குது. போதும்டா.”

அடுத்த மாதம் நமச்சிவாயம் இறந்துபோனார்.

4

(அவர் இறந்துபோன அந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், அம்சா அந்தப் படத்தையே பெரிதாக்கி மாட்டுகிறாள். இன்னொன்றில், “மூஞ்சே தெரியலியேம்மா, இதுக்கா மால போடறது?” என்று சித்தப்பா கேட்க, அப்பாவின் ஆதார் அட்டைப் படம் சுவரேறுகிறது.

பிறந்தநாளன்று நமச்சிவாயத்தை அசையாமல் உட்காரவைக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். எழுதியும் பார்த்தேன். முகம் தெளிவாக வந்தது. ஆனால் அந்த நமச்சிவாயம் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார், மகளைப் பார்க்கவில்லை. அதையும் அடித்துவிட்டேன்.

அம்சா இரண்டு படங்களையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னை அவள் நம்பவில்லை. உங்களைத்தான் கேட்கிறாள்:

“நீங்க சொல்லுங்க. எத மாட்டட்டும்?”