ஜெமீலாவின் கடப்படியில் நிற்காத மோட்டார் சைக்கிள்

1.

இந்தக் கதை எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. காத்தான்குடித் தேநீர்க் கடையொன்றில் பக்கத்து வாங்கில் இருந்தவர் தன் கூட்டாளியிடம், அந்தக் காலத்தில் ஒரு மனிதர் வெள்ளிக்கு வெள்ளி மோட்டார் சைக்கிளில் பெண்சாதியின் வீட்டு வாசலுக்குப் போவார், ஆனால் நிற்க ஏலாமல் தாண்டிப் போய்விடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் போனார். மிச்சக் கதையும் அவரோடு ஏறிப் போனது. ஏன் நிற்க ஏலவில்லை என்று யோசித்ததில் என் தேநீர் ஆறியதுதான் கண்ட பலன். ஆகவே கீழே வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. குறையிருந்தால் பஸ் சாரதியைக் கேளுங்கள்.

2.

முதல் தொடக்கம்: மட்டக்களப்பு வாவியின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை—

(வேண்டாம். அந்தச் சூரியன் பாவம், ஓய்வெடுக்கட்டும்.)

இரண்டாவது: 1936ஆம் ஆண்டில் கீழ் மாகாணத்தின் போக்குவரத்து நிலைமையானது—

(வாசகர் எழும்பிப் போவதற்கு வசதியான இடம்.)

மூன்றாவது: அசனார் மாடுகளை விற்றுவிட்டார்.

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

அசனார் காத்தான்குடியில் புடவை வியாபாரி. புடவைப் பொட்டணிகளை மாட்டுக் கரத்தையில் ஏற்றி, இந்தப் பக்கம் குருக்கள்மடம், அந்தப் பக்கம் கிரான் என்று ஊர் ஊராக விற்பவர். ஒருநாள் பட்டணத்துக்கு மாட்டுக் கரத்தையோடு போனவர் பழைய மோட்டார் சைக்கிளொன்றோடு திரும்பினார். பெண்சாதி ஜெமீலாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இரண்டு மாடுகளுக்கும் தன் கையால் கஞ்சித்தண்ணி வைத்தவள் அவள். புது வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது ஒருநாளைக்கு என்ட கடப்படியிலயே உசிர விடும். மறுகா நீங்கதான் தள்ளிக்கிட்டு வருவீங்க."

அதற்கு அசனார் சொன்ன பதிலை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விடும்; எனக்கு அவரை இன்னும் சில பக்கத்துக்கு வேண்டும். பதிலைச் சொன்ன கையோடு அவர் தன் மூத்த சகோதரி ஸகியா லாத்தாவின் வீட்டுக்குப் போய்விட்டார்.*

* அடிக்குறிப்பு: இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாய் வந்தது. சண்டை வந்தால் புருஷன்தான் வெளியே போகவேண்டும். கோபித்துக்கொண்டு போகும் வசதி அவனுக்கு. திரும்பி வந்து வாசலில் நிற்கும் சங்கடமும் அவனுக்கேதான்.

3.

லாத்தாவின் வீட்டுச் சோறு நல்ல சோறு. ஆனாலும் கொஞ்ச நாளில் அசனாருக்குத் தன் வீடு வேண்டியிருந்தது. (இங்கே "பிரிவுத்துயர்" என்று எழுதி வெட்டியிருக்கிறேன். அவருக்கு இருந்தது அவ்வளவு பெரிய சொல் இல்லை. ராவில் பக்கத்தில் பேச்சுத்துணை இல்லை, அவ்வளவுதான்.)

திட்டம் இது: வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஜெமீலாவின் வேலி வாசலுக்கு, அந்தக் கடப்படிக்குப் போகவேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சைக்கிள் நிற்கவேண்டும். சும்மா இந்தப் பக்கம் வந்தவர் போலப் பார்க்கவேண்டும். அவள் "வாங்க" என்பாள். எஞ்சின் மட்டும் அணையக்கூடாது. அணைந்தால் அவள் வாக்குப் பலித்ததாகிவிடும், ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

எஞ்சின் ஓட, சக்கரச் சில்லு நிற்கச் செய்வதுதான் கிளச்சின் தொழில். இடக்கையால் பிடியை இழுத்தால் உள்ளே நெருக்கிக்கொண்டிருக்கும் தட்டுகள் விலகி, எஞ்சின் வேறு, சில்லு வேறாகும். கியரை நடுவில் போட்டு நிறுத்தலாமென்றால் அந்தப் பழைய வாகனத்தில் அது நடுவில் தரிக்காது. அசனாரின் தட்டுகளோ விலகவில்லை. பிடியை ஹேண்டிலோடு ஒட்டும்வரை இழுத்தாலும் சைக்கிள் கட்டறுத்த மாடுபோல இழுத்துக்கொண்டே போனது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் இருமிச் சாகப் பார்த்தது. பயந்து காலை எடுப்பார். வாகனம் அவரைக் கொண்டுபோய்விடும்.

வேலிக்கு உள்ளே நின்று பார்த்தவளுக்குத் தெரிந்ததோ வேறு. மனுஷன் வெள்ளைச் சட்டை, அத்தர் வாசத்தோடு வருகிறார், முகத்தைப் பார்க்கிறார், புகையை விட்டுவிட்டுப் போகிறார். வெள்ளிக்கு வெள்ளி.

(கிளச் என்பது தாம்பத்தியத்தின் குறியீடா என்று கேட்கவிருக்கும் விமர்சகருக்கு: இல்லை ஐயா. கிளச் கிளச்தான்.)

4.

இந்த இடத்தில், காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டுவந்தேன். வந்தார், கேட்டார், சொன்னார், கதை முடிந்தது. ஆகவே அவரை அனுப்பிவிட்டு, கல்லடியில் சைக்கிள் கடை வைத்திருந்த அழகரத்தினத்தைப் போட்டிருக்கிறேன். மோட்டாரைப் பற்றி அவருக்கு அசனார் அளவுக்குத்தான் தெரியும். இருவரில் யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாததால், அவர் இவரைக் காக்கா என்பார், இவர் அவரை அண்ணன் என்பார்.

கிளச்சை இவர்கள் முன்பே ஒருமுறை திறந்தவர்கள். தட்டுகளில் பதித்திருந்த தக்கைகள் தேய்ந்திருந்தன. கொழும்பில் கேட்டால் சீமையில் கேள் என்றார்கள். சீமைக்கு எங்கே போவது? மீன்வலையில் கட்டும் மிதப்புக் கட்டையைச் செதுக்கிப் பதித்துவிட்டார்கள். பார்வைக்குத் தக்கை மாதிரியே இருந்தது. நன்றாகவும் ஓடியது.

இப்போது கேபிள் தொய்ந்திருக்கும் என்று இறுக்கினார்கள். தொய்வு போனது, நோய் போகவில்லை. ஸ்பிரிங்குகள் ஏறுக்குமாறாய் இருந்தால் தட்டு ஒருபக்கம் சாய்ந்து உரசும் என்று அளந்து சமப்படுத்தினார்கள். இதில் பெரிய கரைச்சல், கடையில் நிற்கும்போது சைக்கிளுக்கு ஒன்றுமேயில்லை. பிடியை இழுத்தால் சாதுவாய் நின்றது.

"காக்கா, வருத்தம் சைக்கிளுக்கில்ல. அந்தக் கடப்படியில என்னவோ இரிக்கி," என்றார் அழகரத்தினம்.

அடுத்த வெள்ளி கடப்படியைத் தாண்டிப் போன அசனார், வெட்கத்தில் எங்கும் திரும்பாமல் நேரே கல்லடிக் கடைக்குள்ளேயே ஓட்டிவந்து சுவரில் முட்டி நின்றார். மூடியைக் கழற்றினார்கள். தண்ணீர் வடிந்தது. கட்டைகள் ஊறி, ஊதி, தட்டுகளுக்கு நடுவே ஒரு நூல் போக இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"இதுக்குள்ள தண்ணி எப்படிக் காக்கா வந்த?"

"குளிப்பாட்டின, அண்ணன்."

"எதை?"

வெள்ளிக்கிழமை காலையில் கரத்தை மாடுகளை வாவியில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டுவது அசனாரின் பழக்கம். மாடு போனாலும் பழக்கம் போகவில்லை. ஜெமீலாவின் கண்ணில் பளபளப்பாய்ப் படவேண்டுமென்று, மோட்டார் சைக்கிளை அச்சு மட்டத்துக்கு இறக்கி, தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்திருக்கிறார். மற்றக் கிழமை நாட்களில் கட்டை காய்ந்துவிடும். கடையிலும் நல்ல பிள்ளையாய் நிற்கும்.

அழகரத்தினம் சிரித்தார். பிறகு சிரித்தது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, கட்டைகளைத் தானே எடுத்து வெயிலில் காயவைத்தார்.

5.

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில இருக்கின்றன.

(அ) ஜெமீலா மன்னிக்கிறாள், இருவரும் வாவிக்கரையில்— (சூரியன் எட்டிப் பார்க்கிறது. விடமாட்டேன்.)

(ஆ) மாடுகளே விற்ற இடத்திலிருந்து வழிகேட்டுத் திரும்பி வந்து— (எனக்கு ஆசைதான்.)

நடந்திருக்கக் கூடியது இதுதான். அடுத்த வெள்ளி அசனார் குளிப்பாட்டாத சைக்கிளில், தூசும் சேறுமாக வந்து பிடியை இழுத்தார். சைக்கிள் நின்றது. எஞ்சின் ஓடியது. ஜெமீலா கடப்படிக்கு வந்தாள். "வாங்க" என்று சொல்லவில்லை.

"மாட்ட ஆருக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

அவர் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். நல்ல மனிசர், தண்ணி கண்ட வயல் வட்டை, பசியிருக்காது என்றெல்லாம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"கேக்கல்ல. அத நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்க."

எஞ்சினை அணைத்தால் அது அவள் சொன்ன அதே இடத்தில் உயிரை விடும், அதுவும் அவர் கையாலேயே. அணைக்காமல் பிடியை விட்டால் வாகனம் அவரை இந்த வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். இனி அடுத்த வெள்ளிக்கு அவள் வேலியடிக்கு வருவாளோ தெரியாது. அவள் கடப்படியின் குறுக்குக் கம்பைக் கழற்றி, வழியைத் திறந்து, கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. அவரை அங்கே நிறுத்திக் கொடுப்பதுதான் என் வேலை, நிறுத்திவிட்டேன். பிடி இனி உங்கள் கையில். அதிக நேரம் யோசிக்காதீர்கள், அந்த ஸ்பிரிங்குகள் நன்றாக இறுக்கியவை. மனுஷனுக்குக் கை நோகிறது.