பஞ்சில் ஒட்டிய மஞ்சள்

வியாழக்கிழமை மாலை டூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது பானுப்பிரியா ஒரு போட்டோ அனுப்பினாள். எங்கள் கட்டடத்தில் அவள் ஐந்தாம் மாடி, நான் மூன்றாம் மாடி. அவளுக்குக் குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"அக்கா, பாப்பா மஞ்சளா தெரியறா. பாருங்க."

மஞ்சள் பொடியும் பயத்தமாவும் குழைத்துக் குளிப்பாட்டுவதாக அவளே முந்தின நாள் சொல்லியிருந்தாள். ஈரோட்டிலிருந்து வந்த பொட்டலம். "அது நீ பூசுற மஞ்சள்தான்மா. நிறுத்திடு, போயிடும்" என்று பதில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

பன்னிரண்டு வருடமாக இந்த வளைகுடா நாட்டில், அப்பாசியாவில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்கு வேலையே, புதிதாகப் பிறந்த குழந்தைகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து எழுதுவதுதான். புதிதாகச் சேரும் நர்ஸ்களிடம் நான் ஓயாமல் சொல்லும் ஒன்று உண்டு: குழந்தையின் நிறத்தைப் போட்டோவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் கேமரா தானாகவே நிறங்களைத் திருத்திக்கொள்ளும். மஞ்சளைக் குறைத்தும் காட்டும், கூட்டியும் காட்டும். வெள்ளிக்கிழமை காலை டீ போடும்போதுதான் இது எனக்கே உறைத்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

பானுவின் கணவன் சதீஷ்குமார் கதவைத் திறந்தான்.

"வாங்க பிரபாவதி சிஸ்டர். மெதுவா பேசுங்க, எங்க குட்டி மேடம் தூங்கறாங்க. நேத்து சாயந்திரத்திலிருந்து ஒரே தூக்கம். பால் குடிக்கக்கூட எழுப்ப முடியல. பக்கத்து ரூம்காரங்க, இந்த மாதிரி சமத்துக் குழந்தையைப் பாத்ததே இல்லங்கறாங்க."

நாலு நாள் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவையாவது பாலுக்கு எழ வேண்டும். எழாத குழந்தையைச் சமத்து என்று நாங்கள் சொல்வதில்லை.

வெயில் வராமல் இருக்க ஜன்னல் முழுக்க வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அறையில் ஒரு மஞ்சள் பல்புதான்.

"அந்தக் காகிதத்தை ஒரு ஓரமா கிழிங்க."

"கிழிச்சா ஏசி தாங்காது சிஸ்டர்."

"ஏசி கெடக்கட்டும். எனக்குப் பகல் வெளிச்சம் வேணும்."

கிழித்தான். குழந்தையைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா பார்த்தேன். தொட்டுவிட்டால் அது அழும். அழுதால் மூச்சை எண்ண முடியாது. மூச்சு சீராக இருந்தது. பிறகு துணியை விலக்கிக் கையை லேசாகத் தூக்கி விட்டேன். இந்த வயதில் கை உடனே மடங்கி மார்புக்குத் திரும்பும். இவளுடைய கை அவசரமே இல்லாமல் திரும்பியது.

"நேத்துலேருந்து எத்தனை டயப்பர் நனைஞ்சுது பானு?"

"ரெண்டுங்க்கா. ஒண்ணுல செங்கப்பொடி மாதிரி இருந்துச்சு. ரத்தமோன்னு பயந்துட்டேன்."

"ரத்தம் இல்ல. பால் உள்ள போறது பத்தலைன்னா மூத்திரம் கெட்டியாகி அப்படித்தான் இருக்கும்."

அடுத்தது நிறம். மஞ்சள் பொடியின் சாயம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் எத்தனை குளித்தாலும் தோலில் தங்குகிறது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு நெற்றி, மார்பு, வயிறு எல்லாம் துடைத்தேன். பஞ்சு நல்ல மஞ்சளாக வந்தது.

பானு அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். "பாத்தீங்களா! நீங்க சொன்னது சரிதானுங்க்கா. வெறும் மஞ்சள்!" சதீஷ் பெருமூச்சு விட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். ஒரு கணம் எனக்கும் அங்கேயே நிறுத்திவிடலாம் போலிருந்தது.

இன்னொரு பஞ்சால் துடைத்தேன். அது வெள்ளையாகவே வந்தது. துடைத்த நெஞ்சில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். அழுத்தும்போது ரத்தம் அந்த இடத்தைவிட்டு விலகும். தோலின் சொந்த நிறம் இரண்டு விநாடிக்குத் தெரியும். தெரிந்தது மஞ்சள். வயிற்றிலும் மஞ்சள், தொடையிலும் மஞ்சள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளைப் பகுதி எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது. கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசுவதில்லை.

"பானு, இது காமாலை. பாப்பாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"நேத்து மஞ்சள்னு சொன்னது நீங்கதான?"

"நான்தான். போட்டோவைப் பாத்துச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ குழந்தையை எடுத்து இறுக்கிக்கொண்டாள். "பொறந்த அன்னிக்கு மூச்சு சரியில்லைன்னு ஆறு மணி நேரம் எங்கண்ணுல காட்டல. மறுபடி அங்க போனா வாங்கி வச்சுக்குவாங்க. இங்கயே வெயில் காட்டறேனுங்க்கா."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த ஊர் வெயில் இவளைச் சுட்டுடும், வேலையும் முடியாது. பழைய ரத்த அணுக்கள் உடையும்போது ஒரு மஞ்சள் கழிவு வரும். அதைக் கரைச்சு வெளியே அனுப்ப இவ ஈரலுக்கு இன்னும் பழகல. ரொம்பச் சேந்துட்டா மூளைக்குப் போகும். தூக்கம் வரவர, பால் குடிக்கறது குறையும். குடிக்கறது குறைஞ்சா கழிவு வெளியே போகாது. அது இன்னும் தூக்கத்தைக் கூட்டும். அங்க ஒரு நீல விளக்கு இருக்கு. அந்த வெளிச்சம் தோல்ல பட்டாப் போதும், அந்தக் கழிவோட உருவம் மாறிடும். ஈரலோட உதவி இல்லாமயே வெளியே போயிடும். ஊசி இல்ல, கத்தி இல்ல, வெறும் வெளிச்சம்."

"நான் கூட இருக்கலாமா?"

"பால் கொடுக்க நீ வேணுமே. நானும் வரேன். உன்னை வெளியே நிறுத்தினா நான் சண்டை போடறேன்."

சதீஷ் ஏற்கெனவே கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். "எந்திரி பானு. யல்லா, கிளம்பலாம்."

கிளம்புமுன் பாலைப் பீய்ச்சி, சின்ன ஸ்பூனால் துளித்துளியாகக் கன்னத்துக்குள் விட்டோம். பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்ததில் பத்து ஸ்பூன் குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் குதிகாலில் ரத்தம் எடுத்தார்கள். அந்த மஞ்சள் கழிவின் அளவு இருபது, விளக்கில் வைத்தே ஆகவேண்டிய அளவு. டாக்டர் அட்டவணையில் விரலை ஓட்டிவிட்டு, "நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்றார். அவர் பாராட்டியது என்னைத்தான் என்று பானு நினைத்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கண்களைப் பட்டையால் மூடி, டயப்பர் மட்டும் வைத்து விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். பானுவுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி கிடைத்தது. சண்டை தேவைப்படவில்லை.

மறுநாள் மதியம் டூட்டி இடைவேளையில் போனேன். அளவு பதினாலுக்கு இறங்கியிருந்தது. பானு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே கரும்பச்சையாக, இளகலாக நிறைய.

"அக்கா, இது என்ன நிறம்? பயமா இருக்குங்க்கா."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுதாம்மா! தோல்ல இருந்த மஞ்சளெல்லாம் இப்படித்தான் வெளியே போகுது. அந்த வெளிச்சம் என்ன பண்ணுதுன்னா..."

சதீஷ் மூக்கைப் பொத்திக்கொண்டான். "சிஸ்டர், இதைப் பாத்து இவ்வளவு சந்தோஷப்படற ஒரே ஆள் நீங்கதான்."

அதற்குள் குழந்தை கையையும் காலையும் உதறி, வாயைப் பிளந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டாள்.

"அப்புறம் சொல்லுங்க்கா" என்று பானு நாற்காலியை இழுத்தாள். "இவளுக்குப் பசிக்குது."